பித்தளைச் சுவை

என் இரண்டாவது துப்பறியும் நாவல் வெளிவந்த மாதம், வானொலியில் ஒரு பொய் சொன்னேன். பெரிய பொய் இல்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

நான் கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அம்பிட்டியவில் வீடு. பாடசாலையும் சமையலும் பிள்ளைகளின் பாடமும் போக மிஞ்சுகிற நேரத்தில் கொலைகளை எழுதுகிறேன். முதல் நாவலின் கொலையாளியை ஐம்பதாம் பக்கத்திலேயே பிடித்துவிட்டதாக ஆசிரியர் அறையில் மூன்று பேர் சொன்னார்கள். அந்த வெட்கத்தில் இரண்டாவதை நன்றாக யோசித்து எழுதினேன். தோட்டக் கந்தோரில் வேலை பார்க்கும் ஒரு பெரிய கிளாக்கரை, அவர் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருத்தி தேநீரில் குளிசை கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறாள். எந்த ஆஸ்பத்திரியிலும் அகப்படாத குளிசை. முதலில் கை நடுங்கும். பிறகு வியர்த்துக் கொட்டும், பேச்சுத் தடுமாறும். கடைசியில் நாக்கில் பித்தளைச் செம்பை நக்கியதுபோல ஒரு சுவை வரும். அந்தச் சுவையை வைத்துத்தான் என் பொலிஸ்காரி கொலையைக் கண்டுபிடிப்பாள்.

அப்படி ஒரு மருந்து உலகத்தில் கிடையாது. பித்தளைச் சுவையை ஒரு சனிக்கிழமை குத்துவிளக்கை விளக்கிக்கொண்டிருந்தபோது நானே இட்டுக்கட்டினேன்.

என் பதிப்பாளர் கண்டி நகரத்தில் புத்தகக் கடையும் சிறிய அச்சகமும் வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் மனிதர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் அவரை நானா என்று கூப்பிடுவேன். பின்னட்டையில் என் படத்துக்குக் கீழே ‘விஞ்ஞான ஆசிரியையின் விஞ்ஞானபூர்வமான மர்மம்’ என்று போட்டவர் அவர்தான். வாசகர்கள் கருத்துச் சொல்லட்டும் என்று என் தொலைபேசி இலக்கத்தையும் அச்சடித்துவிட்டார். வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் என் உறவினர்கள். அதற்குப் பிறகு நான் புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு பாடசாலை பாடசாலையாக ஏறி இறங்கினேன். தெரிந்த முகத்தைப் பஸ்ஸில் கண்டாலும் பையைத் திறந்தேன். தன் புத்தகத்தைத் தானே விற்கிறவளுக்கு வெட்கம் இரண்டு வாரத்தில் போய்விடும். அதற்குப் பிறகு வருவது ஒரு வெறி.

அந்த வெறியோடுதான் வானொலி நிலையத்துக்குப் போனேன். “டீச்சர், இதெல்லாம் உண்மையிலேயே நடக்கக்கூடியதா?” என்று அறிவிப்பாளர் கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நானா தலையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினார்.

“நான் ஒரு விஞ்ஞான ஆசிரியை,” என்றேன். “விஞ்ஞானத்துக்குப் பிழையான ஒரு வரிகூட என் புத்தகத்தில் இல்லை.”

அந்த வாரம் புத்தகம் நன்றாகப் போனது.

அடுத்த திங்கட்கிழமை பின்னேரம் ஒரு பெண் போன் எடுத்தாள். “டீச்சருங்களா? ரேடியோவுல பேசினீங்களே, அந்த டீச்சருங்களா? ஒங்க புஸ்தகத்த ரெண்டு தரம் படிச்சிட்டேன்” என்றாள். இரண்டு தரம் படித்த ஒருத்தி! அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து பேசினேன். எந்தப் பாத்திரம் பிடித்தது, எந்த இடத்தில் பயம் வந்தது என்றெல்லாம் கேட்டேன். அவள் எதற்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. கடைசியில் மெதுவாகக் கேட்டாள்:

“அந்தக் குளிச டவுன் பாமசியில கெடைக்குமா டீச்சர்?”

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “பேரச் சொன்னா ஆபத்தில்லையாம்மா? அதனாலதான் எழுதாம விட்டேன்” என்றேன். என் குரலில் ஒரு பெருமை இருந்தது. அது இன்றைக்கும் காதில் கேட்கிறது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் எடுத்தாள். இந்தத் தடவை புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

“வாயில பித்தள ருசி வந்தப் பெறகு எத்தன நாளு தாங்கும் டீச்சர்?”

“ஏன்மா கேக்கிறீங்க?”

“ஆஸ்பத்திரியில கண்டுபுடிக்க ஏலாதுன்னு எழுதியிருக்கீங்களே. அது சத்தியந்தானா?”

“நீங்க எங்கருந்து பேசுறீங்க?”

தொடர்பு அறுந்தது. திருப்பி எடுத்தேன், அவள் எடுக்கவில்லை.

அன்று சமையல் முழுவதும் பிழைத்தது. கொலைகாரர்கள் எப்படி யோசிப்பார்கள் என்று மூன்று வருடமாகக் கற்பனை செய்தவள் நான். கிடைக்குமா, எத்தனை நாள், அகப்படுமா. என் நாவலில் கொலை செய்பவள் மனதுக்குள் கேட்டுக்கொள்கிற அதே மூன்று கேள்விகள். இப்போது உயிரோடு இருக்கும் ஒருத்தி அவற்றைக் கேட்கிறாள். இல்லாத மருந்தால் யாரையும் கொல்ல முடியாதுதான். ஆனால் தேடிக் கிடைக்காதவள் வேறொன்றை வாங்கமாட்டாளா?

மறுநாள் பாடசாலை விட்டதும் நானாவின் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“வாசகிதானே டீச்சர். கதையில முழுகிப் போயிருப்பா. இதுக்குப் போய் என்னத்துக்கு பயப்புடுறீங்க?”

“ஏதாவது நடந்துட்டா?”

“நடந்தா நாம என்ன செய்யிற? கதை எண்டு அட்டையிலயே இருக்கு.”

“விஞ்ஞானபூர்வமானதுன்னும் இருக்கு நானா.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். மேசையில் இருந்த கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார்.

கடையை விட்டிறங்கிப் பொலிஸ் நிலையம் வரைக்கும் நடந்தேன். உள்ளே போய் என்ன சொல்வது? பேர் தெரியாத ஒரு பெண், பேர் தெரியாத ஒருவருக்கு, நான் இட்டுக்கட்டிய மருந்தைக் கொடுக்கப் பார்க்கிறாள் என்றா? வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். கைபேசியில் அவளுடைய இலக்கத்துக்கு ‘வாசகி’ என்று பேர் போட்டு வைத்தேன். வகுப்பில் பை அதிரும்போதெல்லாம் கரும்பலகையில் என் கை நின்றது. காலையில் பத்திரிகையின் மரண அறிவித்தல்களைத்தான் முதலில் பார்த்தேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவளே எடுத்தாள். பின்னால் யாரோ முனகுவது கேட்டது, வயதான குரல். பதமாகப் பேச வேண்டும் என்று நினைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், “நீங்க யாருக்கு அதக் குடுக்கிறீங்க?” என்று கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

“நான் குடுக்கிறேனா? எங்க அண்ணி குடுக்கிறா டீச்சர். எங்கம்மாவுக்கு.”

விக்கி விக்கிச் சொன்னாள். அவள் பல்லேகலயில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்பவள். வத்தேகமவில் வீடு. அண்ணன் கொழும்பில் வேலை. சனி ஞாயிறுகளில் மட்டும் வருவான். வேலைநாட்களில் அண்ணிதான் அம்மாவைப் பார்த்துக்கொள்வது. ஒரு மாதமாக அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, பேச்சுத் தடுமாறுகிறது. என் புத்தகத்தில் இருந்தது போலவே. இவள் லீவு போட்டு இரண்டு நாள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள்.

“அண்ணி போட்ட பிளேன்டீயக் குடிச்சா பத்து மணிக்கெல்லாம் நடுங்குது டீச்சர். ஞாயித்துக்கெழம நான் போட்டுக் குடுத்தா ஒண்ணுமே இல்ல. இதுக்கு மேல என்னா வேணும்? வாயில பித்தள ருசியும் வந்திருச்சி.”

“தங்கச்சி, நான் சொல்றதக் கேளுங்க. அந்த மருந்து பொய். அந்த ருசி பொய். நான் இட்டுக்கட்டி எழுதினது.”

அவள் அழுகை நின்றது. “அண்ணி ஒங்களோட பேசிட்டாளா?” என்றாள்.

“இல்ல. சத்தியமா இல்ல.”

“ரேடியோவுல ஒரு வரிகூட பிழையில்லன்னு சொன்னீங்க. நான் கேட்டப்ப பேரச் சொன்னா ஆபத்துன்னு சொன்னீங்க. இப்ப பொலிஸ் கேஸாயிரும்னு பயந்துதானே மாத்திப் பேசுறீங்க?” ஞாயிற்றுக்கிழமை அண்ணன் முன்னால் எல்லாவற்றையும் வைக்கப்போவதாகவும், அன்றே அண்ணியைப் பொலிஸுக்குக் கொண்டுபோகப் போவதாகவும் சொன்னாள். “நீங்க வந்து சாட்சி சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி. புஸ்தகம் இருக்கு.”

போனில் என்னால் அவளை அசைக்க முடியவில்லை. வரும் வழியை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மடவளை வழியாகப் போகும் வத்தேகம பஸ்ஸில் ஏறினேன். சந்தை நாள் மாதிரி கூட்டம். யாரோ என்னை அடையாளம் கண்டு, “அடுத்த கதை எப்ப டீச்சர்?” என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

வீடு டவுனுக்கு மேலே, தோட்டத்துக்கு ஏறும் பாதையில் இருந்தது. கதவைத் திறந்தவள் அந்தப் பெண். முப்பது வயது இருக்கும். முன்னறையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் என் நாவல். பக்கங்களுக்கு நடுவே வெட்டிய துணித்துண்டுகளை அடையாளம் வைத்திருந்தார்கள். என் புத்தகத்தை இவ்வளவு கவனமாகப் படித்தவர்களை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஜன்னலோரக் கட்டிலில் அம்மா சாய்ந்திருந்தார். குசினி வாசலில், நிலையைப் பிடித்தபடி அண்ணி நின்றாள். மெலிந்த பெண். அழுது முடித்த முகம்.

நான் உட்காரவில்லை. “இதுல உள்ள மருந்து உலகத்துல இல்ல. நான் ரேடியோவுல சொன்னது பொய். அதச் சொல்லத்தான் வந்தேன்” என்றேன்.

அண்ணன் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்ப அம்மாவுக்கு வர்றது என்னாங்க டீச்சர்? அதுவும் பொய்யா?”



“இன்னும் கொஞ்சம் பொறுங்க,” என்றாள் தங்கை. “ஞாயித்துக்கெழம நான்தான் தேத்தண்ணி போடுறது. இண்ணைக்கி வேணுமின்னே அண்ணியப் போட வுட்டேன். குடிச்சிட்டாங்க. ரெண்டு பேரும் கண்ணால பாருங்க.”

எல்லோரும் கட்டிலைப் பார்த்தோம். ஒரு தாயை வைத்துப் பரீட்சை செய்துகொண்டிருந்தோம் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. சுவர் மணிக்கூடு பத்தைத் தாண்டியது. அம்மாவின் விரல்கள் போர்வையின் மேல் துடிக்க ஆரம்பித்தன. மேலுதட்டில் வியர்வை அரும்பியது. “யாரு வந்திருக்கா? மூத்தவளா?” என்றார். மூத்த மகள் என்று அந்த வீட்டில் யாரும் இல்லை.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” தங்கை கத்தினாள். அண்ணன் எழுந்து குசினி வாசலை நோக்கிப் போனான். அவன் கை ஓங்கியிருந்தது.

பத்து வருடமாக நான் படிப்பிக்கிற பாடம் ஒன்று அந்த நொடியில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. உடம்பில் சீனி குறைந்தால் என்ன ஆகும்? கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும்.

“அம்மாவுக்கு சீனி வருத்தம் இருக்கா?”

“இருக்கு,” என்றாள் அண்ணி. அந்த வீட்டில் நான் கேட்ட அவளுடைய முதல் வார்த்தை.

“நீங்க போடுற பிளேன்டீயில சீனி போடுறீங்களா?”

“இல்ல டீச்சர். போடவே கூடாதுன்னு கிளினிக்ல சொன்னாங்க.”

தங்கையிடம் திரும்பினேன். “நீங்க?”

அவள் தடுமாறினாள். “வயசான காலத்துல... ஞாயித்துக்கெழம ஒரு நாளைக்கித்தானேன்னு... ரெண்டு கரண்டி போடுவேன்.”

“சீனித் தண்ணி கொண்டாங்க. சுருக்கா!”

அண்ணி ஓடிப்போய் ஒரு கிளாஸில் கரைத்துக்கொண்டு வந்தாள். தங்கை குறுக்கே விழுந்து மறித்தாள். “அவ கையால வேணாம்! வேணாம் டீச்சர்!” கிளாஸ் தளும்பியது. அம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. நான் கிளாஸைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்க மூன்று மிடறு குடித்தேன். குடிக்கும்போது, ஒரு கணம், எனக்கே பயமாக இருந்தது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அண்ணன்தான் அம்மாவைத் தூக்கிப் பிடித்தான். நான் கரண்டி கரண்டியாகப் புகட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் அடங்கின. கால் மணித்தியாலத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து, “என்னா எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க?” என்று கேட்டார்.

“வாயில பித்தள ருசி தெரியுதாம்மா?” என்றேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. இவதான் ஒரு நாளைக்கி பத்துத் தரம் கேப்பா. தொல்ல தாங்காம ஆமான்னேன்.”

தங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் சீனியில்லாத ஒரு தேநீர் மட்டும் ஆளை இப்படி விழுத்தாது. குளிசைகளைக் கேட்டேன். அண்ணி கிளினிக் உறையில் இருந்த குளிசை அட்டையைக் கொண்டுவந்தாள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. எண்ணிக்கையும் சரியாக இருந்தது. “இது மட்டுந்தானா?” என்று கேட்டேன். தங்கை எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்து வந்தாள்.

“கிளினிக் மருந்துல கொணமாகலன்னு ஒரு மாசத்துக்கு முன்ன வேல முடிஞ்சி வர்ற வழியில பிரைவேட் டொக்டர்கிட்ட கேட்டு எடுத்தேன். விடியக்காலம் வேலைக்கிப் போக முன்ன நானே குடுத்துருவேன். ஞாயித்துக்கெழமையும்தான், இண்ணைக்கும் குடுத்தேன். அண்ணிக்கிச் சொல்லல.”

“வேற மருந்து குடிக்கிறாங்கன்னு அந்த டொக்டர்கிட்ட சொன்னீங்களா?”

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

இரண்டு அட்டைகளிலும் பெரிய எழுத்துப் பேர்கள் வேறு வேறு. கீழே பொடி எழுத்தில் இருந்த பேர் ஒன்றாகவே தெரிந்தது. எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் இனிமேல் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லமாட்டேன் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். “ரெண்டையும் எடுத்துக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்கிப் போவோம்” என்றேன்.

ஓட்டோவில் அம்மாவோடு அண்ணனும் தங்கையும் முன்னால் போனார்கள். நானும் அண்ணியும் இன்னொன்றில் பின்னால் போனோம். வழியெல்லாம் அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண். இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ரெண்டும் ஒரே மருந்து. டபுள் குடுத்திருக்கு,” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். “இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா ஆபத்து. யாரு குடுத்தது?”

“நான்தான்,” என்றாள் தங்கை. அவள் குரல் வெளியே வரவில்லை. டொக்டர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னாள்.

அம்மாவை வார்ட்டில் வைத்துக்கொண்டார்கள். அண்ணன் நடைபாதையில் சுவரைப் பார்த்து நின்றான். மனைவியின் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. நான் அவளிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் எடுப்பதற்குள் அவளே பேசினாள்.

“ஒங்க புஸ்தகத்த நானும் படிச்சேன் டீச்சர். நல்லாத்தான் இருந்திச்சி. ஆனா அதுக்குப் பெறகு அந்த வீட்டுல ஒருத்தரும் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. நேத்து எங்க வீட்டுக்காரரும் குடிக்கல.”

“நான் பொய் சொல்லிட்டேன். அதுக்கு...”

“நீங்க சொன்னீங்க. அவங்க ஏன் நம்பினாங்க?” என்றாள்.

பஸ் நிலையம் வரைக்கும் நடந்தே போனேன்.

திங்கட்கிழமை நானாவிடம் போய், மிச்சப் புத்தகங்களில் ஒரு துண்டு ஒட்ட வேண்டும் என்றேன். இந்தக் கதையில் வரும் மருந்தும் அறிகுறிகளும் ஆசிரியையின் கற்பனை. எவருடைய நோயையும் இதை வைத்து மதிப்பிட வேண்டாம் என்று. பின்னட்டை வரியை மறைக்கவும் சொன்னேன். “அப்புடிப் போட்டா யாரு டீச்சர் வாங்குற?” என்றார். நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு, “என்ன எழுதணும், செல்லுங்க,” என்று பேனையை எடுத்தார். அந்த வாரம் முழுக்கக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து நானும் அவருமாக ஒட்டினோம். ஏற்கெனவே விற்றவற்றை என்ன செய்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது நாவலை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதியதை ஒரு டொக்டரிடம் காட்டுகிறேன். மெதுவாகப் போகிறது.

சில மாதங்களுக்குப் பிறகு அந்தத் தங்கை ஒரு தடவை போன் எடுத்தாள். அம்மா நன்றாக இருப்பதாகச் சொன்னாள். வேலையைப் பின்னேர முறைக்கு மாற்றிக்கொண்டு, பகலில் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். “அண்ணி?” என்று கேட்டேன்.

“அண்ணன் கொழும்புக்கே கூட்டிக்கிட்டுப் போயிருச்சி. அங்க ஒரு ரூம் எடுத்திருக்காங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “போறதுக்கு முந்தின நாளு கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டேன் டீச்சர். தூக்கி நிப்பாட்டினா. பரவால்லன்னா. ஆனாலும் போயிட்டா.”

அதோடு போனை வைத்துவிட்டாள்.